வாசலில் நின்றவள் என்ன சொன்னாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிவிஷனில் வேற்று மொழிப் படம் போடுகிறார்கள். படத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. நான் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற தியேட்டரில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், நான் ஆட்களைப் பார்ப்பேன். போன வாரம் ஒரு கிழவன் தன் மகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தான். மகனை நம்பிக் கொடுத்துவிட்டான் என்றார்கள் எழுத்துப் படித்தவர்கள். நம்பிக் கொடுக்கிறவன் சாவியை அப்படி இரண்டு விரலால் பிடித்து நீட்டமாட்டான், பொறுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் கிழவன் பூட்டையே மாற்றிவிட்டான்.

மொழி தெரியாமல் அந்தக் காலத்தில் எப்படிக் கதை சொன்னீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று அன்று முதல் நச்சரிக்கிறார்கள். எழுதுகிறேன். என் கெட்டிக்காரத்தனத்தை எழுதப் போகிறேன் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஏமாந்து போவார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. நான் நாடகக் கம்பெனியில் இரண்டு வருஷம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன். கம்பெனி நொடித்ததும் ஒரு ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டினேன். பிறகு இந்தக் கொட்டகையில் சேர்ந்தேன். புதுத் தமிழ்ப் படங்கள் பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் எங்களுக்கு வரும். இந்திப் படம் சீக்கிரம் கிடைக்கும். பாட்டுக்கும் சண்டைக்கும் கூட்டம் வரும், ஆனால் கதை புரியாமல் கத்தும். அந்தக் கத்தலை அடக்குவதற்குத்தான் நான். திரைக்கு இடது பக்கம் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று, மைக்கைப் பிடித்து, யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று தமிழில் சொல்லுவேன். ஊரில் என்னைக் கதைக்காரர் என்றார்கள். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பது ஊர் முழுக்கத் தெரியும். அது ஒருவருக்கும் குறையாகப் படவில்லை.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தேன். எங்களுக்கு வரப்போகும் படம் திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஓடும்போது போய் மூன்று தடவை பார்ப்பேன். முதல் தடவை கண்களை மட்டும் பார்ப்பேன். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று. இரண்டாம் தடவை கைகளை. வாய் பொய் சொல்லும்போது கை ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்பேன். கெஞ்சுகிற குரலுக்கும் மிரட்டுகிற குரலுக்கும் மொழி வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் தமிழ்ப் பெயர் வைப்பேன். கதாநாயகன் எப்போதும் சுந்தரம். வில்லனுக்குப் பெயர் வைப்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு தடவை ஆழம் தெரியாமல் காலை விட்டு, ஊரில் பெரிய வீட்டுக்காரர் ஒருவருடைய பெயரை வில்லனுக்கு வைத்துவிட்டேன். அவர் குடும்பத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்குள் வில்லனுக்கு வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு எல்லா வில்லனும் வடக்கே இருந்து வந்த பெயரில்லாத சேட்டுதான்.

முக்காலியிலிருந்து ஆபரேட்டர் அறைக்கு ஒரு சணல் கயிறு போகும். ஒரு இழுப்பு இழுத்தால் படத்தின் சத்தத்தைக் குறைப்பார், இரண்டு இழுத்தால் கூட்டுவார். பாட்டு வந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது. அழுகை வந்தாலும் திறக்கக் கூடாது. அழுகிறவளுக்கு மேல் பேசினால் பெண்கள் பக்கத்திலிருந்து தரை மணல் பறந்து வரும்.

கொட்டகை முதலாளிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. மண்டி அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் சொல்வோம். எப்போதும் கையில் ஒரு பழம் இருக்கும். பேசும்போது அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். குரலை உயர்த்த மாட்டார். பிரியமாக இருந்தால் 'வே' என்பார், 'உமக்கு' என்பார். கோபம் வந்துவிட்டால் 'நீங்க' என்று மரியாதைக்கு மாறிவிடுவார். அவர் வாயிலிருந்து 'வாங்க' வந்தால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம். கதை விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கை, சனம் வயிறு நிறைந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

பெண்கள் பக்க வாசலில் டிக்கெட் கிழித்தவள் கனகம். குருவிகுளத்துப் பக்கம் பிறந்தவள், இங்கே வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் ரங்கூனுக்குப் போனான். நாலு கடிதம் வந்தது. அப்புறம் ஜப்பான் சண்டை வந்து அங்கே குண்டு விழுந்தது. நடந்தே திரும்பியவர்கள் வந்து சேர்ந்தார்கள், வராதவர்களைப் பற்றி ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். அவனைப் பற்றி மட்டும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கழுத்தில் தாலியோடு, சுமங்கலியா இல்லையா என்று ஒருவரும் சொல்ல முடியாமல் இருந்தாள்.

எங்கள் ஆட்களில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. பெரியவர்கள் கூடி, போனவன் போனான் என்று சொல்லிப் பழைய தாலியைக் கழற்றிவிட்டால் இன்னொருவன் கட்டலாம். கனகம் எனக்கு முறைப் பெண். என் அம்மா குருவிகுளம் போய் அவள் அண்ணன்மாரிடம் பேசிவிட்டு வந்தாள். அவர்களுக்குச் சம்மதம். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறோம், அதற்குள் அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்கள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு உரிமை இல்லை. அத்தான் என்று கூப்பிட்டால் அதுவே பதிலாகிவிடும். அதனால் 'இங்கன பாருங்க' என்பாள். அந்த 'இங்கன பாருங்க'வைக் கேட்பதற்காகவே நான் மாலை மூன்று மணிக்கே கொட்டகைக்குப் போய்விடுவேன். முப்பது வயதில் ஒரு மனிதன் இப்படியா இருப்பான் என்று கேட்டால், இருந்தேன்.

தபசுக் கூட்டத்தை நம்பி அண்ணாச்சி ஒரு இந்திப் படத்தை வாடகைக்கு எடுத்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம். கிராமத்தில் ஒருவன் பெண்டாட்டியை விட்டுக் கப்பலேறிப் போகிறான். அவள் மாமியாரை வைத்துக் காப்பாற்றுகிறாள். பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருவர் ஒத்தாசை செய்கிறார், அவருக்கு அவள் மேல் மனசு. கடைசியில் தாடியும் மூட்டையுமாகப் புருஷன் வந்து வாசலில் நிற்கிறான். அவள் வெளியே வந்து நிலைப்படியில் நின்று, தாழ்ந்த குரலில், ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசுகிறாள். பேசி முடித்து உள்ளே போய்விடுகிறாள். கதவு திறந்தே கிடக்கிறது. அவன் வெளியே நிற்கிறான். அத்தோடு படம் முடிந்துவிட்டது.

மதுரையில் மூன்று தடவை பார்த்தும் அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிபடவில்லை. கண் எங்கெங்கோ போகிறது. கைகள் இரண்டும் முந்தானையில் சும்மா இருக்கின்றன. குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "உங்களுக்காகத்தான் உசிரை வச்சிருந்தேன், உள்ள வாங்கன்னு சொல்லுதா. வேற என்ன வே சொல்லுவா?" என்றார்.

அப்படியே சொன்னேன். முதல் ஆட்டத்தில் பெண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. அண்ணாச்சி பழத்தை முகர்ந்துகொண்டே போனார். மறுநாள் மாலை, மணல் தரையில் கிடந்த கடலைத் தொலியைக் கூட்டிக்கொண்டிருந்த கனகம் என்னை நிறுத்தினாள்.

"இங்கன பாருங்க. அவ அப்படிச் சொல்லல."

உனக்கு இந்தி தெரியுமா என்று கேலியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"உள்ள வான்னு கூப்பிடுதவ வந்தவனைல்லா பார்ப்பா. மெலிஞ்சிருக்கானா, கால்ல செருப்பு கெடக்கா, சாப்பிட்டானான்னு பார்ப்பா. இவ அவனைப் பார்க்கவே இல்லை. கிணத்தைப் பார்க்குதா, தொழுவத்தைப் பார்க்குதா, சுவரைப் பார்க்குதா. நீங்க சொல்லுத பேச்சு அந்த மூஞ்சிக்கு ஒட்டல."

மூன்று தடவை பார்த்த நான் காணாததை வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் அதைக் கேட்டுக்கொண்டதில்தான் இருந்தது. அவனைப் பார்க்கவில்லை என்றால் அவனை வேண்டாம் என்கிறாள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். கனகம் தன் மனசை இப்படிச் சாடையாகச் சொல்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறு ஆட்டத்தில் வாசற்படிக் காட்சி வந்ததும் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். காலம் கடந்து வந்துவிட்டீர்கள், நீங்கள் விட்டுப் போன பெண் இந்த வீட்டில் இல்லை, எனக்கும் ஒரு வாழ்வு வேண்டும், திரும்பிப் போங்கள் என்று மைக்கில் சொன்னேன். நல்ல குரல் எனக்கு. சொல்லும்போது திரையைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்க வாசலைப் பார்த்தேன்.

கொட்டகை இரண்டு பட்டது. முந்தின நாள் வந்தவர்கள் அன்றும் வந்திருந்தார்கள். நேற்று வா என்றவள் இன்று போ என்பாளா என்று தரை டிக்கெட் கூச்சல் போட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் சிலர் இதுதான் சரி என்றார்கள். பெண்கள் பக்கத்திலும் சண்டை. கதவு ஏன் திறந்து கிடக்கிறது, போகச் சொன்னவள் சாத்தியிருக்க மாட்டாளா என்று ஒரு கிழவி எழுந்து நின்று என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு நாள் காப்பிக்கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் இதே பேச்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்று என் அம்மா சொன்னாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். "வாங்க, உட்காருங்க" என்றார். எனக்கு உட்காரத் தைரியம் வரவில்லை. ஒரு பழம் அழுகினால் கூடையே போய்விடும், கதையும் அப்படித்தான் என்று கையிலிருந்த பழத்தைப் பார்த்தே சொன்னார். புளியங்குடியில் தரகு பார்க்கும் ஒருவர் பட்டாளத்தில் வடக்கே பத்து வருஷம் இருந்தவர், இந்துஸ்தானி தண்ணீர்பட்ட பாடு, அவரை வரவழைக்கிறேன், அவர் சொன்னபடி நடக்கலாம் என்றார்.

பட்டாளத்துக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணாச்சிக்கும் எனக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அன்று மட்டும் எனக்குப் பதில் கிராமபோன் தட்டு வைக்கிறவர் முக்காலியில் ஏறி ஏதோ சமாளித்தார். வாசற்படிக் காட்சி வந்தது. பட்டாளத்துக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவர் முகத்தில் ஏமாற்றம்.

"ஒண்ணுமில்ல வே, வீட்டுச் சேதி சொல்லுதா" என்றார். "உங்க அம்மா போயி ஆறு வருசமாச்சு, கடைசியா உங்க பேரைத்தான் சொன்னாங்க. கிணத்துல ரெண்டு கோடை தண்ணியில்ல, ஆள் விட்டுத் தோண்டினேன். செவலைப் பசு செத்துப் போச்சு, தொழுவத்துல நிக்கது அதோட கன்னு. கெழக்குச் சுவரு மழையில விழுந்துட்டு, திரும்ப எழுப்பினேன். அம்புட்டுதான். வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. இதுக்கா வே என்னைய பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தீரு?"

அண்ணாச்சி பழத்தை ஒரு அழுத்து அழுத்தினார். கிணறு தோண்டின கதைக்கா சனம் டிக்கெட் எடுக்கும் என்றார். இன்னும் மூன்று நாள்தான், பழையபடி உள்ளே வா என்றே சொல்லும் என்று முடித்துவிட்டார். எனக்கு மறுபடி 'வே' கிடைத்தது.

மறுநாள் மாலை மூன்று மணிக்குக் கனகம் காத்துக்கொண்டிருந்தாள். ஆடிக்காற்று கொட்டகைத் தட்டியைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. கையில் துடைப்பம். அவள் அண்ணன்மார் மறுநாள் வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இங்கன பாருங்க. பட்டாளத்துக்காரவுக என்ன சொன்னாக? அவ என்னதான் சொல்லுதாளாம்?"

உண்மை மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பஸ் ஏறிப் போய்விட்டார், ஒருவர் வாயைத் திறக்க மாட்டார். நான் சொன்னதுதான் சரி, போ என்றுதான் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஐந்து வருஷமாக ஆயிரம் பொய்யை மைக்கில் சொன்னவன் நான். அன்று அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை. என்னைப் பெரிய அரிச்சந்திரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த முகத்தைச் சரியாகப் படித்தவள் அவள். அவளிடம் போய் அதைத் தப்பாகச் சொல்லக் கூசியது, அவ்வளவுதான். பட்டாளத்துக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமியார், கிணறு, பசு, சுவர்.

"கிணறு தோண்டினதையுமா சொல்லுதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் துடைப்பத்தைத் தட்டியில் சாத்திவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு வேப்பமரம் போன வருசம் காத்துல சாஞ்சுது. ஐயோ ஓட்டு மேல விழுந்துருச்சேன்னு தோணல. இதை அவுகட்ட சொல்லணுமேன்னுதான் தோணுச்சு. கன்னு போட்டா அப்படித்தான், யாருக்காவது கல்யாணம்னா அப்படித்தான். எனக்கே தெரியாம ஒம்பது வருசமா சேதி சேர்த்து வச்சிருக்கேன். ஒரு ஆளுக்குன்னு இம்புட்டு சேதி வச்சுக்கிட்டு நான் எப்படிக் கழட்டிக் கொடுப்பேன்?"

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"என்னையத் தப்பா நெனைச்சுக்கிடாதீங்க அத்தான்" என்றாள்.

எத்தனை மாதமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். இனி அதற்கு அர்த்தமில்லை என்று ஆன பிறகுதான் அவளால் அதைத் தாராளமாகச் சொல்ல முடிந்தது. அண்ணன்மார் வந்தார்கள், சத்தம் போட்டார்கள், தனியாகத் திரும்பிப் போனார்கள்.

கடைசி நாள் ஆட்டத்தில் நான் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பட்டாளத்துக்காரர் சொன்னதை அப்படியே மைக்கில் சொன்னேன். ஆண்கள் பக்கம் விசில் அடித்தார்கள். பெண்கள் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெளியே வந்தபோது அண்ணாச்சி, "நல்லாச் சொன்னீங்க" என்றார். மறு சீசனுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

பிறகு திருநெல்வேலியில் ஒரு தியேட்டரில் கணக்குப் பார்த்தேன். சங்கரன்கோவிலில் கல்லும் காரையுமாகத் தியேட்டர் வந்ததும் இங்கேயே மேனேஜரானேன். தமிழ்ப் படம் தாராளமாகக் கிடைத்தது. கதை சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அம்மா நாலு இடத்தில் பெண் பார்த்தாள், நான் நாலு சாக்குச் சொன்னேன். கனகம் அந்த ஆடியோடு கொட்டகை வேலையை விட்டுப் பிறந்த ஊருக்கே போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலவே இருந்தது. பஸ்ஸில் ஏறினால் குருவிகுளம் போய்விடலாம். எந்த முகத்தோடு போவது என்று போகவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியான ஆட்டத்துக்கு அண்ணன் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். காதோரம் நரை. கழுத்தில் அதே தாலி. ரங்கூனிலிருந்து ஒரு சேதியும் இல்லை என்று கேட்காமலே தெரிந்தது. பெண்களை உள்ளே அனுப்பிவிட்டு என் அறை வாசலுக்கு வந்து, சௌக்கியமா அத்தான் என்றாள். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அம்மா தவறிப் போனாள், மூன்று நாள்தான் படுக்கையில் கிடந்தாள் என்றேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மரக்கடை போட்டிருக்கிறார்கள் என்றேன். மண்டி அண்ணாச்சிக்குக் கண் தெரியவில்லை, பழத்தை மட்டும் கையில் வைத்திருக்கிறார் என்றேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு வெட்டினேன், உப்புத் தண்ணீர் என்றேன். சொல்லிக்கொண்டே போனேன். பாதியில்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. நிறுத்த முடியவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. உள்ளே விளக்கை அணைத்துப் படத்தைத் தொடங்கிவிட்டார்கள், பாட்டு கேட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் உள்ளே போகவில்லை.